நோகும் கை முதலில்

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. இந்தப் பக்கத்து முனைகளை ஒருத்தியும் அந்தப் பக்கத்து முனைகளை இன்னொருத்தியும் பிடித்துக்கொண்டு, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி ஓர் உதறு உதற வேண்டும். விரிப்பு காற்றை வாங்கி உப்பும். உப்பியது அடங்குவதற்குள் இருவரும் முன்னால் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்போது விரலும் விரலும் தொட்டுக்கொள்ளும். பிறகு அவரவர் இடத்துக்குப் பின்னால் நடந்து போய் மறுபடியும் ஓர் உதறு. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாக விரிப்புகள் வரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே உதறல், இதே நடை.

மடிப்பக்காவுக்கு அந்தப் பெயர் அங்கேதான் வந்தது. அவளுக்கு ஜோடி நெட்டை. நெட்டை கையைத் தூக்கினால் மேலே ஓடும் நீராவிக் குழாயில் இடிக்கும். அவள் உயரத்துக்கு ஈடுகொடுக்க மடிப்பக்கா நுனிக்காலில் நின்று எம்பி எம்பி உதறுவாள்.

"ஏண்டி, கொஞ்சம் இறக்கிப் பிடிச்சா என்ன? நான் ஏணி வெச்சுக்கிட்டா வேலை பார்க்க முடியும்?" என்பாள்.

"இறக்கிப் பிடிச்சா தரையைக் கூட்டும்டி. அப்புறம் மறுபடி துவைக்க நீ போறியா, நான் போறேனா?"

பல வருஷங்களாக இதே சண்டை. இரண்டு பேருக்குமே அலுக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வலது தோளில் ஒரு குடைச்சல் வந்தது. முதலில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. பிறகு மேல்தட்டு எட்டவில்லை. கடைசியில் கை விலாவோடு ஒட்டிக்கொண்டு, துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. அவளை விரிப்பிலிருந்து எடுத்து, சுவரோரம் இருந்த சின்ன மேஜையில் கைத்துண்டு மடிக்க உட்கார வைத்தார்கள். கைத்துண்டு மடிக்க இன்னோர் ஆள் வேண்டாம். துவைக்கும் எந்திரங்கள் போடுகிற சத்தத்தில் அந்த மூலைக்கு ஒரு பேச்சும் வந்து சேராது. நெட்டைக்குப் புதிதாக ஒரு ஜோடி கொடுத்தார்கள். இரண்டு பேரும் வாயசைத்துச் சிரிப்பது மட்டும் மடிப்பக்காவுக்குத் தெரியும். என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்பது தெரியாது.

வீடு, பூட்டுக்கடைக்கு மேலே இரண்டு அறை. கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகள். பல் மருத்துவருக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற பட்டறையில் வேலை பார்த்தாள். அவள் விரல்களில் எப்போதும் மெழுகு வாசனை இருக்கும். தாயும் மகளும் சண்டைக்காரர்கள் இல்லை. ஆனால் பேச்சு கிடையாது. சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தால் "உப்பு", "போதும்", "விளக்கை அணைச்சுடு" என்பதோடு முடிந்துவிடும். ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்துகொண்டிருந்தார்கள்.

தோள் பிடித்துக்கொண்ட பிறகுதான் அது மாறியது.

மருந்து மாத்திரை எதுவும் எழுதாமல் கையாலேயே வைத்தியம் பார்க்கிற பிசியோ ஒருத்தி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். வட்டாரத்தில் அவளைக் கைடாக்டர் என்பார்கள். முதல் நாளே மகளைக் கூப்பிட்டு, சட்டை போட்டுவிடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள்.

"நோகுற கை முதல்ல உள்ள போகணும். நல்ல கை அப்புறம். கழட்டும்போது நல்ல கை முதல்ல, நோகுற கை கடைசியா. மாத்திப் பண்ணினா அம்மா போடுற சத்தத்துல தெருவே எழுந்திடும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் மகள் அம்மாவின் முதுகுப் பக்கம் வந்து நிற்பாள். வலது கையைக் குழந்தையின் கையை எடுப்பது போல எடுத்துச் சட்டைக் கைக்குள் நுழைப்பாள். இடது கையை இழுத்துவிடுவாள். பிறகு தலைக்குச் சீப்பு. முகம் தெரியாமல் பின்னால் நின்றதாலோ என்னவோ, மகளுக்குப் பேச்சு வந்தது.

"நேத்து ஒரு தாத்தாவுக்கு மேல் செட்டு கட்டினேன்மா. எல்லாப் பல்லும் முத்து மாதிரி வரிசையா வெச்சுக் கொடுத்தா, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாராம். முன்னாடி ரெண்டு பல்லுக்கு நடுவுல சந்து வேணுமாம்."

"சந்தா? எதுக்கு?"

"அவருக்குச் சின்ன வயசுல இருந்தே அங்க சந்து இருந்துச்சாம். சந்து இல்லாம வீட்டுக்குப் போனா பொண்டாட்டி கதவு திறக்க மாட்டாளாம்."

"அந்தச் சந்து வழியாத்தான் இத்தனை வருஷமா விசிலடிச்சுக் கூப்பிட்டிருப்பார்."

மகள் சிரித்தாள். சிரிப்பு அம்மாவின் பிடரியில் சூடாகப் பட்டது. மடிப்பக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆடாதேம்மா, வகிடு கோணுது. அப்புறம், அங்க இருந்து மறுபடி போன் பண்ணினாங்க."

அங்கே என்றால் ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டிய பெரிய நகரம். அங்கே ஒரு பெரிய பல் பட்டறையில் மகளுக்கு வேலை தயாராக இருந்தது. எந்திரத்தில் படம் வரைந்து பல் செதுக்குகிற வேலை. அவள் படித்ததே அதற்காகத்தான்.

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்றது? அம்மா கை மேல ஏறட்டும், வந்துடறேன்னு சொன்னேன். இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பாங்களாம். அதுக்கப்புறம் வேற ஆளை எடுத்துடுவாங்க."

"நான் எப்படியாவது பார்த்துக்குவேன், நீ போ பாப்பா."

"சட்டையைக் கழட்டத் தெரியாம நாள் பூரா அப்படியே உக்காந்திருப்பே. பேசாம இரு."

சீப்பு மேலிருந்து கீழே இறங்கியது. மடிப்பக்கா பேசாமல் இருந்தாள். அவள் கை மேலே ஏறி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அது தற்செயலாகத்தான் நடந்தது. ஒரு சாயங்காலம் அடுப்பில் வைத்த பால் பொங்கி வந்தது. அடுப்புத் துணி மேல்தட்டில் இருந்தது. யோசிக்காமல் கையை நீட்டி எடுத்துவிட்டாள். அடுப்பை அணைத்த பிறகுதான் எந்தக் கை என்று பார்த்தாள். வலது. மறுபடியும் மெல்லத் தூக்கினாள். தோளுக்குள் ஏதோ இழுத்தது, வலித்தது, ஆனாலும் போனது. விரல் நுனி தட்டின் விளிம்பைத் தொட்டது. அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் மகளின் செருப்புச் சத்தம் கேட்டது. மடிப்பக்கா கையைச் சட்டென்று கீழே போட்டு, விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, பால் பொங்கிடுச்சா? நீ ஏன் அடுப்புக்கிட்ட போறே? தள்ளு, நான் துடைக்கிறேன்."

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் மகள் பின்னால் வந்து நின்று, பட்டறை முதலாளிக்கும் அவர் மனைவிக்கும் நடந்த சண்டையை நடித்துக் காட்டினாள். அன்றைக்கு எப்படிச் சொல்வது? அதற்கு மறுநாள் மழை. இப்படியே போயிற்று.

கைடாக்டரிடம் போவதுதான் இப்போது கஷ்டமாக இருந்தது. அங்கே இரண்டு கட்டில், நடுவே ஒரு பச்சைத் திரை. அவள் மல்லாந்து படுத்திருப்பாள். கைடாக்டர் முழங்கைக்கு மேலே ஒரு கையால் பிடித்து, இன்னொரு உள்ளங்கையைத் தோள்முனையில் பதித்து, எலும்பைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே கையை மேலே கொண்டுபோவாள். பிடிக்கிற இடம் வந்ததும் நிறுத்தி, அங்கேயே நின்று சின்னச் சின்னதாக அசைப்பாள். வலிக்கும். ஆனால் அது நல்ல வலி என்று மடிப்பக்காவுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. இப்போது அந்தக் கை ஒரு தடையும் இல்லாமல் போகப் பார்க்கும். அவள்தான் நடுவழியில் பிடித்து நிறுத்த வேண்டும்.

"மூச்சை விடுங்கக்கா. கையை எங்கிட்டக் கொடுத்துடுங்க. நீங்களே வெச்சுக்கிட்டா நான் எப்படித் தூக்குறது?"

"ஆ... வலிக்குது டாக்டரம்மா."

"பத்துக்கு எத்தனை?"

"ஏழு."

கைடாக்டர் கையை இறக்கினாள். மறுபடி தூக்கினாள். இறக்கினாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கழுத்து வலிக்காக வருகிற பேருந்து ஓட்டுநர்.

"கைடாக்டரம்மா, நான் ஒருத்தன் கழுத்துல பட்டை கட்டித் தொங்கிக்கிட்டு இருக்கேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே. அஞ்சு நிமிஷம் தொங்குங்க."

"தொங்குறேன். என்னைத் தொங்க விட்டுட்டு ஊர்க்கதை பேசுறீங்களோன்னு பார்த்தேன்."

"பேசுனா உங்களையும் கூப்பிடறேன். பேசாம இருங்க."

சிகிச்சை முடிந்தது. கைடாக்டர் கைகழுவத் திரும்பினாள். வெளியே மழை வலுத்திருந்தது. ஜன்னலில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, துணி காயப் போட்டது நினைவுக்கு வந்து, மடிப்பக்கா அவசரமாக எழுந்து சட்டையை எடுத்தாள். இடது கையை முதலில் நுழைத்தாள். சட்டையை முதுகோடு ஒரு வீசு வீசி, வலது கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டைக் கைக்குள் சொருகினாள். கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். கழுவு தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியில் கைடாக்டரின் கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கைடாக்டர் அதை மூடினாள்.

"நல்ல கையை முதல்ல போட்டீங்களே அக்கா."

மடிப்பக்கா குனிந்து பொத்தானைத் தேடினாள்.

"முந்தாநாள் உங்க கை மோவாய் உசரத்துல நின்னுச்சு. நேத்து நெத்திக்கிட்ட. இன்னிக்கி மூக்கு. நிஜமா இறுகின தோள் ஒரே இடத்துலதான் நிக்கும். இப்படி ஊர் சுத்தாது. நான்தான் எங்கேயோ தப்பாப் பிடிக்கிறேனோன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்."

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல டாக்டரம்மா. நீங்க சரி பண்ணிட்டீங்க."

"அப்புறம் ஏன்?"

மடிப்பக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வயதில் சொல்லக்கூடிய விஷயமா இது?

"கை சரியாயிட்டா அவ வேலைக்கு வெளியூர் போயிடுவா."

"போகட்டும். அதுக்குத்தானே படிச்சா?"

"போகக் கூடாதுன்னு இல்ல. சட்டை போட்டு விடுறப்பத்தான் டாக்டரம்மா அவ எங்கிட்டப் பேசுறா."

"சட்டை போடாமயும் பேசச் சொல்லுங்களேன்."

"வராது. எதிர உக்காந்தா ரெண்டு பேருக்குமே வாய் கட்டிக்கும். அவ என் முதுகுப் பக்கம் நின்னாத்தான் வருது. இன்னும் கொஞ்ச நாள்... இந்த மாசம் முடியட்டும்."

"மாசம் முடிஞ்சா அந்த வேலை இருக்குமா?"

திரைக்கு அப்பால் ஓட்டுநர் மெல்லச் செருமினார்.

"நான் ஒண்ணும் கேக்கல. பட்டை காதை அடைச்சிருக்கு."

கைடாக்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டாள். தினமும் யார் யாருடைய உடம்பையோ அழுத்தி அழுத்தி அவள் கட்டைவிரல் இரண்டும் பின்பக்கமாக வளைந்திருந்தன. "உங்க பொண்ணுகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்ல. ஆனா நாளையில இருந்து உங்களுக்கு இந்தக் கட்டில் கிடையாது. வெளிய மழையில நாலு பேர் நிஜ வலியோட உக்காந்திருக்காங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் மடிப்பக்காவுக்குச் சுருக்கென்றது. வாசல்வரை கூடவே வந்து, "குடையை வலது கையிலேயே பிடிங்க. கை பழகணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலை மகள் சட்டையோடு வந்து முதுகுப் பக்கம் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் ஆரம்பித்துவிட்டால் தன்னால் முடியாது என்று மடிப்பக்காவுக்குத் தெரியும். சட்டென்று திரும்பி நின்று, வலது கையைத் தூக்கினாள். மோவாயைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி, காதோடு ஒட்டும்வரை.

"பாரு பாப்பா."

மகள் ஒரு கணம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த சட்டையைக் கூரைக்கு வீசினாள். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குதிப்பாளே, அப்படிக் குதித்தாள். கீழே பூட்டுக்கடைக்காரர் கம்பியால் தட்டினார்.

"எப்பம்மா? எப்ப இருந்து?"

"இன்னிக்கித்தான். எழுந்தப்போ சும்மா தூக்கிப் பார்த்தேன். போயிடுச்சு."

"கைடாக்டர் கெட்டிக்காரிம்மா! நான் சொல்லல? நான் சொன்னேனா இல்லையா?"

சொல்லிக்கொண்டே போனை எடுத்து உள்ளறைக்கு ஓடினாள். கதவைச் சாத்தவும் மறந்துவிட்டாள். "ஹலோ சார், நான்தான் சார். ஆமா, சரியாயிடுச்சு! வேற யாரையும் எடுத்துடலையே? வந்துடறேன் சார், திங்கக்கிழமையே வந்துடறேன்!" அந்தக் குரலை மடிப்பக்கா இதற்குமுன் கேட்டதில்லை. சீப்பைப் பிடித்துக்கொண்டு தாத்தாவின் பல் கதை சொன்ன குரல் இல்லை இது. அது அம்மாவுக்காகச் சிரித்த குரல். இது தனக்கே தனக்கென்று கூவுகிற குரல். இதையா இத்தனை நாள் கழுத்தைப் பிடித்து வைத்திருந்தோம் என்று நினைத்தாள். தரையில் கிடந்த சட்டையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். ஒரு நொடிகூட ஆகவில்லை.

மகள் கிளம்பிப் போனாள். வீட்டில் மெழுகு வாசனை மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு அதுவும் போயிற்று. சாப்பாட்டு மேஜையில் "உப்பு" என்று கேட்கவும் ஆள் இல்லை. ரொட்டியை அடுப்படியிலேயே நின்றபடி தின்றுவிட்டு வேலைக்குப் போகப் பழகினாள்.

சலவைக்கூடத்தில் அவளை மறுபடி விரிப்புக்கு மாற்றினார்கள். புது ஜோடியை அனுப்பிவிட்டு நெட்டை இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வாடி மகராணி. சிம்மாசனத்துல உக்காந்து கைத்துண்டு மடிச்சது போதுமா?"

"நீ இன்னும் வளர்ந்துட்டியாடி? குழாயில தலை இடிக்குதே!"

"உன்னை நினைச்சு நினைச்சு வளர்ந்துட்டேன். பிடி."

இரண்டு பேரும் உதறினார்கள். விரிப்பு உப்பியது. விரல்கள் தொட்டன. மடிப்பக்காவுக்குக் கண் கரித்தது. சோப்பு நீராவி என்று சொல்லிக்கொண்டாள்.

குளிர் தொடங்கிய சமயம். ஒரு நாள் நெட்டை பாதி உதறலில் நிறுத்தினாள்.

"ஏண்டி, ஒரு பக்கம் சாயுது. ஒழுங்காப் பிடி."

மடிப்பக்கா பார்த்தாள். வலது கை மேலே இருந்தது. இடது கை தோள் உயரத்தில் நின்றுவிட்டது. தூக்கினாள். ஏறவில்லை. நாலைந்து ராத்திரியாக இடப்பக்கம் திரும்பிப் படுக்க முடியாததும், குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொண்டதும் அப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன.

கைடாக்டர் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். மடிப்பக்காவின் முகம் வெளுத்துப் போயிற்று. பத்துக்கு எத்தனை என்று கைடாக்டர் கேட்கவே இல்லை.

"சிலருக்கு இப்படி வரும் அக்கா. ஒரு தோள் விட்டதும் இன்னொரு தோள் பிடிச்சுக்கும். நாம செஞ்ச தப்பு ஒண்ணும் இல்ல. இதுவும் விடும். ஆனா நாளாகும்."

"இப்ப நான் சொன்னா நம்புவீங்களா?"

"நீங்க சொல்லவே வேணாம்." கைடாக்டர் உள்ளங்கையைத் தோள்முனையில் பதித்தாள். மடிப்பக்கா மூச்சை விட்டாள். இந்த முறை கையை முழுசாக அவளிடமே கொடுத்துவிட்டாள். மகள் போன பிறகு யாரும் தொடாத உடம்பு அது. அழுத்தம் இறங்க இறங்க வலியோடு தூக்கமும் வருகிற மாதிரி இருந்தது.

"பொண்ணுகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்? சொன்னா வருவாளே."

"வருவா. சொன்ன அன்னிக்கே ரயில் ஏறிடுவா. அதான்."

கைடாக்டரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி அசைத்தாள்.

சட்டை போட இப்போது வெகுநேரம் பிடித்தது. கட்டிலில் சட்டையை விரித்து, குனிந்து இடது கையை உள்ளே தொங்கவிட்டு, கழுத்துப் பட்டியைப் பல்லால் கவ்வி இழுக்கக் கற்றுக்கொண்டாள். முடியை நெட்டை வெட்டிவிட்டாள். "ஆம்பளை மாதிரி இருக்கே" என்று சிரித்துவிட்டு, அவளே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போனில் முகம் தெரியும்படி பேசுவாள். மடிப்பக்கா சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு எதிரே உட்காருவாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

எதிரெதிரே உட்கார்ந்ததுமே இரண்டு பேருக்கும் வாய் கட்டிக்கொண்டது. மகள் போனுக்குள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். அவள் தங்கியிருக்கும் அறையில் வேறு பெண்களின் சிரிப்பு கேட்டது.

"கை எப்படிம்மா இருக்கு?"

"எந்தக் கைக்கும் ஒண்ணும் இல்ல."

"சும்மா சொல்லாத. தூக்கிக் காட்டு."

மடிப்பக்கா வலது கையைத் தூக்கினாள்.

"இன்னும் மேல. இன்னும். காதை ஒட்டுதா?"

"ஒட்டுது பாரு."

மகளின் முகம் மலர்ந்தது. அன்றைக்குச் சட்டையைக் கூரைக்கு வீசினபோது இருந்த அதே முகம். போனைத் திருப்பி அறைக்குள் காட்டினாள். "ஏய், எங்கம்மா கையைப் பாருங்கடி! நான்தான் தினமும் சட்டை போட்டு விடுவேன். இப்ப எவ்ளோ மேல போகுது பாருங்க!" முன்பின் தெரியாத மூன்று பெண்கள் கட்டில்களில் இருந்தபடி கையாட்டினார்கள். மடிப்பக்கா தூக்கின கையாலேயே திருப்பி ஆட்டினாள்.

"ரெண்டு கையாலயும் ஆட்டுங்கம்மா!" என்று அவர்களில் ஒருத்தி கத்தினாள்.

இடது கை மேஜைக்கு அடியில் மடியில் கிடந்தது.

"அந்தக் கையிலதானே கண்ணு போனைப் பிடிச்சிருக்கேன்" என்றாள் மடிப்பக்கா.

சொன்ன பிறகுதான், படம் அசையாமல் நிற்கிறதே என்று தோன்றியது. முழங்காலை மேஜையின் அடியில் கொடுத்து, போன் விழுந்துவிடாதபடி மேஜையை லேசாக ஆட்டத் தொடங்கினாள்.